பகைவர் நாட்டுக்குத் திரும்பியவர்

ஆண்டுதோறும் மார்ச்சு மாதம் 17ஆம் நாள் உலகின் பல நகரங்களில் பச்சை ஆடை உடுத்திய கூட்டங்கள் தெருவெங்கும் ஆடிப் பாடிச் செல்கின்றன. கொட்டு முழக்கம், கொடி, கூத்து, குடி எதற்கும் குறைவில்லை. அயர்லாந்து நாட்டின் காவல் புனிதரான பாட்ரிக் என்பவரின் திருநாள் அது. அவர் பெயர் நமக்கும் புதிதன்று. சென்னை அடையாற்றில் அவர் பெயரால் ஒரு பள்ளி இருக்கிறது. பெங்களூரில் ஒரு தேவாலயம் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பாம்புகளையெல்லாம் கடலுக்குள் விரட்டியவர் என்பார் ஒருவர். மூன்று இலை சேர்ந்த பூண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு திரித்துவத்தை விளக்கியவர் என்பார் மற்றொருவர். இரண்டும் பின்னால் வந்தவர்கள் கட்டிய கதைகள். அயர்லாந்தில் விரட்டுவதற்குப் பாம்பே இருந்ததில்லை என்று இயற்கை நூலார் சொல்லிவிட்டனர்.

மெய்யான வரலாறு இக் கதைகளைவிடப் பெரியது. நல்ல காலமாக, அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். இலத்தீன் மொழியில் அவர் எழுதிய இரண்டு ஏடுகள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒன்று, முதுமையில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதிய வாக்குமூலம். மற்றொன்று, கொரோத்திக்குஸ் என்ற தலைவனின் படைவீரர்களுக்கு விடுத்த கடிதம். வாக்குமூலத்தின் மிகப் பழைய படி ஒன்று, சற்றுச் சுருங்கிய வடிவில், 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஆர்மா நூலில் இருக்கிறது. அந்த நூலை டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இன்றும் காணலாம். பாட்ரிக்கின் இலத்தீன் நடை கரடுமுரடானது. தமக்குக் கல்வி போதாது என்று அவரே பல இடங்களில் வெட்கப்படுகிறார். படிக்க வேண்டிய வயதில் அவர் படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை என்பதிலிருந்துதான் கதை தொடங்குகிறது.

அவர் பிறந்தது பிரிட்டன் தீவில். அப்போது அது உரோமப் பேரரசின் வடமேற்கு எல்லை. தந்தை கல்போர்னியுஸ் நகர மன்றத்தில் உறுப்பினர். திருச்சபையில் தியாக்கோன் என்னும் உதவிக் குரு. பாட்டனார் பொத்தீத்துஸ் குருவானவர். (அந்நாளில் குருமார் மணம் செய்துகொண்டு வாழ்ந்தது புதுமை அன்று.) பன்னவேம் தபெர்னியே என்ற ஊருக்கருகே அக் குடும்பத்துக்கு ஒரு பண்ணை இருந்தது. பண்ணையில் ஆண் அடிமைகளும் பெண் அடிமைகளும் இருந்தனர். இதை நாம் மறந்துவிடக் கூடாது. அடிமை என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளை முதலில் கண்டது எசமானின் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டுதான்.

குருக்கள் குடும்பத்துப் பிள்ளை என்பதால் பக்தி மிகுந்தவன் என்று எண்ண வேண்டா. கடவுளை அறியாமல், குருமார் சொல் கேளாமல் திரிந்ததாக அவரே எழுதுகிறார். வீட்டிலே நாள்தோறும் கேட்கும் ஜெபம் காதோடு நின்றுவிடுகிற வயது அது. நம்மில் பலருக்கும் அது தெரியும்.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கம். உரோமப் படைகள் பிரிட்டனைக் கைவிட்டுக் கடல் கடந்து போயின. ஏறத்தாழ 410ஆம் ஆண்டோடு அங்கே உரோம ஆட்சி முடிந்தது என்று வரலாற்று நூல்கள் கூறும். காவலற்ற மேற்குக் கடற்கரையில் அயர்லாந்துக் கொள்ளையரின் படகுகள் வந்து மோதின. அவர்கள் தேடி வந்த சரக்குகளில் சிறந்தது மனிதச் சரக்கு. பழைய அயர்லாந்துச் சட்டங்களில் கூமல் என்று ஒரு சொல் வருகிறது. பெண் அடிமை என்பது அதன் பொருள். அதே சொல் விலையை அளக்கும் அலகாகவும் வழங்கியது. நிலத்தின் விலை இத்தனை கூமல், தண்டம் இத்தனை கூமல் என்று கணக்கிட்டார்கள். மனித உடல் நாணயமாகப் புழங்கிய நாடு அது.

பாட்ரிக்குக்கு வயது 16 நிரம்பவில்லை. கொள்ளையர் பண்ணையில் புகுந்து வேலைக்காரரைச் சூறையாடினர். பிள்ளையைப் பிடித்துக் கட்டிப் படகில் ஏற்றினர். ஆயிரக்கணக்கானவர் அவ்வாறு கொண்டுபோகப்பட்டதாக அவர் எழுதுகிறார். மற்றவர்கள் எங்கே விற்கப்பட்டார்கள், எப்படி மாண்டார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவன் வரலாற்றை நாம் படிக்கிறோம். அவனோடு ஏறியவர்களின் வரலாறு அந்தக் கடலோடு போயிற்று.

அயர்லாந்தில் அவனுக்குக் கிடைத்த வேலை, மந்தை மேய்ப்பது. மலையிலும் காட்டிலும் தங்க வேண்டும். மொழி தெரியாது. ஊர் தெரியாது. பேச்சுத் துணை இல்லை. பனியும் உறைபனியும் மழையும் அந் நாட்டில் மாறி மாறி வரும். உடம்பில் போதிய ஆடை இல்லை. வயிற்றில் போதிய சோறு இல்லை. தான் எந்தப் பிழையும் செய்யாதிருக்கத் தன்னை விலங்குபோல் பிடித்து வந்து விற்றவர்கள் நடுவே அவன் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் உள்ளம் கசந்திருக்கும் என்று சொல்ல நமக்குச் சான்று வேண்டுமா?

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களை வெறுத்தேன் என்று பாட்ரிக் எங்கும் எழுதவில்லை. வெறுக்கவில்லை என்றும் எழுதவில்லை. தம்மை ஆறு ஆண்டு அடிமையாக வைத்திருந்தவன் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. தம்மோடு இருந்த ஒரு மனிதர் என்ற அளவில் கடந்து போகிறார். அந்த இடத்தில் அவர் நிரப்பி வைத்திருப்பது ஜெபத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. மந்தையோடு இருக்கும்போது ஒரு பகலில் நூறு முறை வரையில் ஜெபித்ததாகவும், இரவிலும் ஏறக்குறைய அத்தனை முறை ஜெபித்ததாகவும் எழுதுகிறார். பொழுது புலருமுன் பனியிலும் மழையிலும் எழுந்து ஜெபிப்பாராம், அதனால் உடம்புக்கு ஒரு கேடும் வரவில்லையாம், சோம்பலும் தோன்றவில்லையாம். உள்ளே ஆவி அனலாய் இருந்தது என்பது அவர் கருத்து.

எண்ணிப் பாருங்கள். நாளுக்கு நூறு முறை என்றால் அவை நீண்ட மன்றாட்டுகளாக இருந்திருக்க முடியாது. வீட்டிலே பாட்டனார் வாயிலிருந்து அரைகுறையாகக் காதில் விழுந்தவைதாம் அவனிடம் இருந்திருக்கும். நூல் இல்லை, குரு இல்லை, கோயில் இல்லை. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை அறியாத குருவீட்டுப் பிள்ளை இருக்க மாட்டான். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல் எங்களையும் மன்னியும் என்ற பொருள்பட வரும் வேண்டுதல் அதன் நடுவே இருக்கிறது. வீட்டில் இருந்தவரையில் அந்த வேண்டுதல் வெறும் ஒலி. இப்போதோ தீமை செய்தவன் ஒரு பர்லாங்கு தூரத்தில் குடிசையில் உறங்குகிறான். அவன் உறங்கும் நேரத்தில் அவனுடைய ஆடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பகலில் நூறு முறை, இரவில் நூறு முறை அதைச் சொல்ல வேண்டுமானால்? இது என் ஊகம். ஏட்டில் இவ்வாறு இல்லை. ஆயினும் கசப்போடு மலைக்குப் போன பிள்ளை ஆறு ஆண்டுகளுக்குப் பின் வேறு மனிதனாக இறங்கி வந்ததற்கு வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

தம் அடிமை வாழ்வைத் தம் பாவத்துக்குக் கிடைத்த தக்க தண்டனை என்று அவர் கருதினார். இதை ஏற்க என் மனம் இடந்தரவில்லை. ஜெபிக்க மறந்த சிறுவனுக்கு ஆறு ஆண்டுச் சிறையா? அவனோடு போன ஆயிரம் பேருக்கும் அதே கணக்கா? அடிமைப்பட்டவன் தன் அடிமைத்தனத்துக்குத் தானே காரணம் கற்பித்துக்கொள்வதை நாம் வேறு நாடுகளிலும் பார்த்திருக்கிறோம். நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒன்று சொல்லலாம். பாட்ரிக் இந்தக் கணக்கைப் போட்டாரே தவிர, அதைச் சொல்லிப் பிற அடிமைகளை மறந்து வாளா இருக்கவில்லை. அது பின்னால் தெரியும்.

ஆறாம் ஆண்டில் ஒரு நாள் இரவு கனவில் ஒரு குரல் கேட்டது. அவன் நோன்பு நன்று என்றும், விரைவில் தன் நாட்டுக்குப் போவான் என்றும் அது சொல்லிற்று. சில நாள் சென்று மீண்டும் கேட்டது. கப்பல் ஆயத்தமாக இருக்கிறது என்று சொல்லிற்று. கப்பல் இருந்த இடமோ 200 மைல் தொலைவில். அவன் முன்பின் போயிராத இடம். தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஓடிப்போன அடிமை பிடிபட்டால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் புறப்பட்டான், நடந்தே கடற்கரை சேர்ந்தான்.

கப்பல் தலைவன் சினந்து ஏற்ற மறுத்தான். பாட்ரிக் தான் தங்கியிருந்த குடிசைக்குத் திரும்பினான். வழியிலேயே ஜெபிக்கத் தொடங்கினான். ஜெபம் முடியுமுன் கப்பலாட்களுள் ஒருவன் பின்னாலிருந்து கூவி அழைத்தான். மனம் மாறிவிட்டார்களாம், நம்பி ஏற்றிக்கொள்கிறார்களாம். மூன்று நாள் கடற் பயணம். இறங்கியபின் 28 நாள் ஆளற்ற நிலத்தில் நடை. உணவு தீர்ந்தது. கிறிஸ்தவனின் கடவுள் பெரியவர் என்கிறாயே, எங்களுக்காக ஜெபிக்கக் கூடாதா என்று தலைவன் அவனைக் குத்திக் கேட்டான். அவர்களும் அயலார், கடவுளை அறியாதவர்கள். அவர்களுக்கு உணவு வேண்டி அவன் ஜெபித்தான். எதிரே பன்றி மந்தை ஒன்று வந்தது என்று வாக்குமூலம் கூறுகிறது. பசித்திருந்தவர்கள் இரண்டு நாள் அங்கேயே தங்கி வயிறார உண்டார்களாம். நாய்களுக்கும் வயிறு நிரம்பியதாம்.

பின்னும் பல இடர்ப்பாடுகள். சில ஆண்டுகள் கழித்துப் பிரிட்டனில் பெற்றோரிடம் வந்து சேர்ந்தான். இறந்துபோனவன் மீண்டு வந்ததுபோல் அவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். இவ்வளவு துன்பங்களுக்குப் பிறகு இனி எங்கும் எங்களை விட்டுப் போகாதே என்று மன்றாடினார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகவே முடிந்திருக்கும். துன்பப்பட்டவன் வீடு சேர்ந்தான். தாய் உணவு படைத்தாள். பகைவர்மீது கசப்பு இல்லாமல் இருப்பதற்கு அவர்களிடமிருந்து விலகிக் கடலுக்கு இப்பால் இருப்பதைவிட எளிய வழி உண்டா? தூரத்தில் இருப்பவனை மன்னிப்பது பலருக்கும் கைவந்த கலை.

ஓர் இரவு அவர் மற்றொரு கனவு கண்டார். விக்தோரிக்குஸ் என்ற ஒருவர் அயர்லாந்திலிருந்து எண்ணற்ற கடிதங்களோடு வருகிறார். ஒன்றை எடுத்து இவர் கையில் கொடுக்கிறார். அதன் தலைப்பில் அயர்லாந்தாரின் குரல் என்று எழுதியிருக்கிறது. படிக்கும்போதே, மேற்குக் கடலருகே போக்லூத் என்ற காட்டுப் பக்கத்து மக்கள் ஒரே குரலாக அழைப்பது கேட்கிறது. மீண்டும் வந்து தங்களிடையே நடமாட வேண்டும் என்று அவர்கள் வேண்டுகிறார்கள். நெஞ்சு பிளந்ததுபோல் ஆகி, மேலே படிக்க மாட்டாமல் விழித்துக்கொண்டார்.

இந்தக் கனவில் என்னைக் கவர்வது ஒரு சிறு செய்தி. அவர்கள் அவரைச் சிறுவன் என்று அழைக்கிறார்கள். அடிமையாக அங்கே திரிந்தபோதும் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள் போலும். ஏவலுக்குக் கூப்பிட்ட வாய் இப்போது கெஞ்சிக் கூப்பிடுகிறது. அந்தக் குரல்களை அவர் காது ஆறு ஆண்டு கேட்டுப் பழகியிருந்தது. அச்சத்தோடு கேட்ட குரல் அழுகுரலாகக் கேட்கத் தொடங்கியது எப்போது? கனவில்தான் என்று சொல்லலாம். மலைமேல் செய்த ஜெபத்தில் என்று நான் சொல்லுவேன்.

இக் காலத்தில் ஜெபத்தைப் பற்றியே அவருக்கு ஒரு பெரிய தெளிவு பிறந்தது. ஓர் இரவு, தம் உள்ளே வேறொருவர் பெருமூச்சுகளோடு ஜெபிப்பதைக் கண்டாராம். யார் இவர் என்று வியந்து நின்றாராம். ஜெபம் முடியும் வேளையில் அது பரிசுத்த ஆவியானவர் என்று உணர்ந்தாராம். மனிதன் தன் முயற்சியால் பகைவனை நேசித்துவிட முடியாது. நேசிக்கிறவர் ஒருவர் உள்ளே இருந்து அதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர் எழுத்தெங்கும் ஊடாடுகிறது. தம்மைச் சிறைபிடித்த மக்களுக்கே தாம் இரக்கம் காட்டுவது தம்முடைய செயலா என்று தம் கடிதத்தில் கேட்டுக்கொள்கிறார். வள்ளுவரும் இன்னா செய்யாமை என்று ஓர் அதிகாரம் வகுத்து, இன்னா செய்தவர்க்கும் நன்மை செய்யச் சொன்னார். அங்கே அது சான்றோரின் ஆற்றல். பாட்ரிக்குக்கோ அது கடன் வாங்கிய ஆற்றல். தமக்கென்று ஒன்றுமில்லை என்பது அவர் நிலை.

மேற்றிராணியாராக அயர்லாந்துக்குத் திரும்பினார். எந்த ஆண்டு என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. 432 என்பது நெடுங்காலமாக வழங்கும் ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டில், 431இல், உரோமைப் பாப்பரசர் செலஸ்தீன், பல்லாதியுஸ் என்பவரை அயர்லாந்துக் கிறிஸ்தவர்களுக்கு மேற்றிராணியாராக அனுப்பிய செய்தி உறுதியானது. எனவே அயர்லாந்துக்குச் சமயத்தைக் கொண்டு சென்றவர் பாட்ரிக் ஒருவரே என்பது மிகை. முன்னமே சிலர் இருந்தனர். அவர்களில் பலர் பிரிட்டனிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகளாக இருந்திருக்கலாம். பாட்ரிக் போன இடங்கள் அதற்கு முன் யாரும் போகாத எல்லைப்புறங்கள் என்று அவரே கூறுகிறார்.

அங்கே அவருக்கு மலர்மாலை காத்திருக்கவில்லை. பல சிற்றரசர்கள் ஆண்ட நாடு அது. ஒவ்வோர் எல்லையிலும் ஓர் அரசனுக்குப் பரிசு தர வேண்டும். அவன் மக்களைக் கூலி கொடுத்து வழித்துணையாக அழைத்துச் செல்ல வேண்டும். நீதிபதிகளுக்கு அவர் கொடுத்த தொகை 15 மனிதரின் விலைக்குக் குறையாது என்று கணக்குச் சொல்லுகிறார். ஒரு முறை பரிசு வாங்கியவர்களே அவரையும் தோழர்களையும் பிடித்து, பொருளைப் பறித்து, இவரை இரும்பு விலங்கில் பூட்டினார்கள். கொல்லத் துடித்தார்கள். 14ஆம் நாள் நண்பர்கள் முயற்சியால் விடுதலை கிடைத்தது. கொலை அல்லது வஞ்சகம் அல்லது மீண்டும் அடிமைத்தளை, இவற்றுள் ஒன்றை நாள்தோறும் எதிர்பார்ப்பதாக முதுமையிலும் எழுதுகிறார். அச்சம் நீங்கியபின் அன்பு செய்தவர் அல்லர் அவர்.

ஆயிரக்கணக்கானவர்க்கு ஞானஸ்நானம் கொடுத்தார். யாரிடமும் அரைக் காசு வாங்கவில்லை. அன்பு மிகுதியால் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிப் பீடத்தின்மேல் போட்டுச் செல்வார்களாம். அவற்றை அவர் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். அவர்களுக்கு அது மனவருத்தம். ஆனாலும் கொடுத்துவிடுவாராம். புதிதாகச் சமயம் தழுவியவர்களில் அடிமைப் பெண்களின் துன்பமே மிகப் பெரிது என்று தனியே எடுத்து எழுதுகிறார். அச்சுறுத்தலையும் கொடுமையையும் அவர்கள் ஓயாமல் தாங்கினார்கள் என்கிறார். அந்தப் பழங்காலத்தில் அடிமைப் பெண்ணின் துன்பத்தைக் கண் வைத்துப் பார்த்து எழுதிய கை மிக அரிது. அது ஓர் அடிமையாக இருந்தவரின் கை.

அவர் வந்து அயர்லாந்தில் அடிமை முறையே ஒழிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது உண்மையன்று. அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் அது நீடித்தது. டப்ளின் நகரமே பிற்காலத்தில் பெரிய அடிமைச் சந்தையாக இருந்தது.

அவருடைய பழைய எசமான் என்ன ஆனான்? பாட்ரிக்கின் ஏடுகளில் ஒரு சொல்லும் இல்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து மூர்க்கூ என்பவர் அவர் வாழ்க்கையை எழுதியபோது இந்த இடைவெளியைப் பொறுக்கவில்லை. எசமானுக்கு மிலியுக் என்று பெயர் சூட்டினார். பழைய அடிமை வருகிறான் என்று கேட்டதும், அவனுக்குப் பணிவதைவிடச் சாவதே மேல் என்று அவன் தன் வீட்டோடும் பொருளோடும் தானே எரிந்து மாண்டான் என்று எழுதினார். கொடியவன் சாம்பலானால்தான் கேட்பவர்க்கு மனம் ஆறும் போலும்! பாட்ரிக்குக்கு அந்த ஆறுதல் தேவைப்படவில்லை. அவர் எழுத்தில் அந்த மனிதன் எரியவுமில்லை, தண்டிக்கப்படவுமில்லை.

அயர்லாந்தாரை நேசிப்பது அவருக்கு ஒரு வகையில் எளிதாக வந்துவிட்டது என்றே தோன்றுகிறது. அதைவிடக் கடினமான சோதனை வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது.

15 வயதளவில், ஒரு நாளில், ஒரு மணி நேரத்தில் அவர் ஏதோ ஒரு பாவம் செய்துவிட்டார். என்ன பாவம் என்று அவர் சொல்லவில்லை. நாமும் துருவ வேண்டா. தியாக்கோன் ஆகுமுன் மனம் கலங்கி, உயிர் நண்பர் ஒருவரிடம் அதைச் சொன்னார். அந்த நண்பரே பின்பு இவரை மேற்றிராணியாராக்க வேண்டும் என்று பிறரிடம் பரிந்து பேசினார். முப்பது ஆண்டு கழிந்தது. பிரிட்டனில் இருந்த மூத்த குருமார் சிலர் பாட்ரிக்கின் பதவியை எதிர்த்துக் கிளம்பினர். கிராமத்தான், கல்லாதவன், பகைவரிடம் போய் ஏன் சாக வேண்டும் என்ற பேச்சு முன்பே இருந்தது. இப்போது புதிய ஆயுதம் ஒன்று அவர்கள் கையில் கிடைத்தது. நம்பிச் சொன்ன அந்தப் பழைய இரகசியத்தை நண்பரே எல்லார் முன்னிலையிலும் போட்டு உடைத்துவிட்டார்.

வாக்குமூலத்தில் இந்த இடத்தைப் படிக்கும்போது முதியவரின் கை நடுங்குவது தெரிகிறது. வாக்கியம் தடுமாறுகிறது, சொன்னதையே சொல்லுகிறார். கொள்ளையர் செய்ததைப் பற்றி இப்படி எழுதாதவர், நண்பர் செய்ததை எழுதும்போது ஏன் இவ்வாறு செய்தார் என்று கேட்கிறார். அன்று விழுந்தே போயிருப்பேன், ஆண்டவர் தாங்கினார் என்ற கருத்துப்பட எழுதுகிறார். புண் ஆறவில்லை. ஆறியதுபோல் அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அதே பகுதியில், தமக்கு எதிராக எழுந்தவர்கள்மேல் இந்தப் பாவம் சுமத்தப்படாதிருக்கட்டும் என்று கடவுளை வேண்டுகிறார். நண்பருக்காகத் தாம் வருந்துவதாகச் சொல்லுகிறார். பெயரை மட்டும் சொல்லவில்லை. நினைத்தால் சொல்லியிருக்கலாம். 1500 ஆண்டுகளுக்கு மேல் அந்த மனிதரின் பெயர் இகழ்ச்சிக்கு ஆளாகியிருக்கும். எசமான் பெயரை விட்டதுபோல் நண்பர் பெயரையும் விட்டுவிட்டார்.

இவ்வளவும் படித்தவர்கள் பாட்ரிக்கைச் சாது என்று எண்ணிவிடக் கூடும். கொரோத்திக்குஸ் கடிதத்தைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும்.

கொரோத்திக்குஸ் பிரிட்டனைச் சேர்ந்த படைத்தலைவன். பேருக்குக் கிறிஸ்தவன். அவன் ஆட்கள் அயர்லாந்தின்மேல் பாய்ந்தார்கள். புதிதாகப் பாட்ரிக்கிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அங்கே வெள்ளாடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். நெற்றியில் பூசிய பரிமளத் தைலத்தின் மணம் இன்னும் போகவில்லை. பலரை வெட்டிப் போட்டார்கள். பெண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே பாட்ரிக், சிறு வயது முதல் தாமே வளர்த்துப் பயிற்றிய குரு ஒருவர் கையில் கடிதம் கொடுத்து, பிடிபட்டவர்களைத் திருப்பித் தரும்படி கேட்டு அனுப்பினார். அவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தார் பிரிட்டனில் செய்ததை இப்போது பிரிட்டன்காரர் அயர்லாந்தில் செய்தார்கள். படகு எதிர்த்திசையில் திரும்பிவிட்டது. பழிக்குப் பழி என்று உலகம் சொல்லும் கணக்கு நேராகிவிட்டது. பாட்ரிக் என்ன செய்தார்? கொல்லப்பட்டவர்களைத் தம் பிள்ளைகள் என்று சொல்லி அழுதார். நாங்கள் அயர்லாந்தார் என்பதால் அவர்களுக்கு இழிவோ என்று கேட்டார். நாங்கள் என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். பிடிபட்டு வந்த பிரிட்டன் பிள்ளை, பிடித்து வந்தவர்களோடு தம்மைச் சேர்த்துக்கொண்டு தம் சொந்த நாட்டாரிடம் வழக்குரைக்கிறார்.

இரண்டாம் கடிதம் ஒன்று எழுதினார். அதுவே நம் கையில் இருப்பது. அதில் சினம் கொழுந்துவிட்டு எரிகிறது. அவர்களை ஓநாய்கள் என்கிறார். என் நாட்டார் என்று அவர்களை அழைக்க மாட்டேன், பேய்களின் நாட்டார் என்கிறார். அவர்களோடு யாரும் உண்ணக் கூடாது, பருகக் கூடாது, அவர்கள் கொடுக்கும் பிச்சையையும் வாங்கக் கூடாது என்று விலக்குகிறார். கால் நாட்டுக் கிறிஸ்தவர்கள் பெருந்தொகை கொடுத்துச் சிறைப்பட்டோரை மீட்கிறார்கள். நீங்களோ கொன்றும் விற்றும் போடுகிறீர்கள் என்று இடித்துரைக்கிறார்.

பகைவரிடம் அன்பு என்பவர் இவ்வளவு கடுமையாக எழுதலாமா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். தமக்கு இழைத்த தீமையைத் தாம் மன்னிக்கலாம். வேறொருத்தி கழுத்தில் கயிறு கிடக்கும்போது அவள் சார்பில் மன்னிப்பு வழங்க யாருக்கு உரிமை உண்டு? பாட்ரிக் தம்மை அடிமையாக்கியவனைப் பற்றி ஒரு கடுஞ்சொல் எழுதவில்லை. இந்தப் பெண்களை அடிமையாக்கியவர்களைப் பற்றி எழுதிய சொல் ஒன்றையும் குறைக்கவில்லை. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. நண்பர் இன்னும் ஒப்பவில்லை.

கடிதத்தை எழுதி முடித்தபின், அதை யாரும் மறைக்கக் கூடாது, எல்லா மக்கள் முன்னிலையிலும், கொரோத்திக்குஸ் நேரே இருக்கும்போதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எதற்காக? அதையும் கடைசி வரிகளில் சொல்லிவிட்டார். கடவுள் அவர்கள் மனத்தைத் தொட வேண்டும். காலம் கடந்தாலும் அவர்கள் மனம் வருந்த வேண்டும். பிடித்துச் சென்ற பெண்களை விடுவிக்க வேண்டும். அப்படிச் செய்து அந்தக் கொலைகாரர்களும் கடவுளுக்கு உகந்தவராய், இம்மையிலும் மறுமையிலும் நலம் பெற்று வாழ வேண்டும். அந்த வேண்டுதலோடு பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் சமாதான வணக்கம் செலுத்திவிட்டு, ஆமென் என்று எழுதி மடித்துக் கொடுத்தார்.